புயல் மாதங்களில் உல்லாசக் கப்பலில் போகலாமா?

பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இல்லாத குடும்பங்களை நம் சங்கத்தில் இன்று விரல் விட்டு எண்ணிவிடலாம். மே மாத வெயிலுக்கு முன் கல்கத்தாவிலிருந்து கிளம்புகிறோம். பேரன் பேத்திகளோடு நாலைந்து மாதம் இருந்துவிட்டுத் துர்கா பூஜைக்கு முன்னேயோ பின்னேயோ திரும்புகிறோம். திரும்புவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போதுதான் பிள்ளைகள் அந்தப் பேச்சை எடுப்பார்கள்: "அப்பா, செப்டம்பரில் கப்பல் டிக்கெட் ரொம்ப மலிவு. ஒரு வாரம் கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டு வரலாம்."

மலிவாக இருப்பதற்குக் காரணம் இரண்டு. அமெரிக்கப் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரத்துக்குள் திறந்துவிடுவதால், பள்ளிக் குழந்தைகள் உள்ள குடும்பங்கள் கப்பலுக்கு வருவதில்லை. இரண்டாவது காரணத்தை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். அது அட்லாண்டிக் பெருங்கடலின் புயல் பருவத்து உச்சம்.

நான் 34 ஆண்டுகள் இந்த நகரத்தில் கடல்சார் இன்சூரன்ஸ் துறையில் வேலை பார்த்தவன். 2023 செப்டம்பரில் என் மனைவி, என் அக்கா, மகன், மருமகள், நான்கு வயதுப் பேத்தி ஆகியோருடன் இப்படி ஒரு கப்பலில் போய்வந்தேன். அதற்குப் பிறகு லேக் மார்க்கெட்டில் காய் வாங்கும் இடத்தில்கூட அன்பர்கள் நிறுத்தி "போகலாமா சார், பயமில்லையா?" என்று கேட்கிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நவீன உல்லாசக் கப்பலில் இருப்பவர்களின் உயிருக்குப் புயலால் வரும் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் பார்க்க நினைத்த ஊர், திரும்பும் தேதி, கையிலுள்ள மருந்து, பாஸ்போர்ட்டிலுள்ள முத்திரை ஆகிய நான்கையும் புயல் எளிதாகக் கலைத்துவிடும். இவற்றில் எது கலைந்தாலும் தாங்கக்கூடிய குடும்பம் தாராளமாகப் போகலாம்.

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30-இல் முடிவதாகக் கணக்கு. ஆறு மாதமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைதான் வேகம். அதிலும் செப்டம்பர் 10 அளவில் உச்சம். நம் பஞ்சாங்கப்படி சொன்னால் ஆவணியும் புரட்டாசியும். நம் வங்கக் கடலில் கடும் புயல்கள் சித்திரை, வைகாசியிலும், பிறகு ஐப்பசி முதல் மார்கழி வரையிலும் வரும். நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கியிருக்கும்போது, மேலே ஒரு திசையிலும் கீழே வேறு திசையிலும் காற்று பலமாக அடிப்பதால் புயலின் சுழல் நிமிர்ந்து நிற்க முடியாமல் சிதைந்துபோகும். அட்லாண்டிக்கில் அப்படி நடுவில் இடைவெளி கிடையாது. கோடை முழுவதும் கடல் சூடேறுகிறது. மேற்பரப்பு நீர் சுமார் 26.5 டிகிரிக்கு மேல் இருந்தால் புயலுக்குத் தீனி கிடைத்த மாதிரி. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிளம்பும் சலனங்கள் அந்த வெந்நீரின் மேல் மேற்கு நோக்கி வரும்போது சில சுழன்று புயலாகின்றன. காற்று மணிக்கு 63 கிலோமீட்டரை எட்டினால் அதற்குப் பெயர் வைக்கிறார்கள். 119-ஐ எட்டினால் 'ஹரிகேன்'. அதற்கு மேல் ஐந்து படிகள் உண்டு. ஐந்தாம் படி என்றால் மணிக்கு 252 கிலோமீட்டரும் அதற்கு மேலும்.

ஹரிகேன், டைஃபூன், சைக்ளோன் எல்லாம் ஒரே பொருள்தான், கடல்தான் வேறு. 'சைக்ளோன்' என்ற சொல் பிறந்தது நம் கல்கத்தாவில் என்பது பலருக்குத் தெரியாது. ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர் இங்கே கப்பல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்தின் தலைவராக இருந்தார். கப்பல்களின் குறிப்பேடுகளை வாங்கிப் படித்துப் படித்து, இந்தப் புயல்கள் நேராக அடிப்பதில்லை, பாம்பு சுருண்டாற்போல் சுழல்கின்றன என்று கண்டு, கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரைச் சமைத்தார். 1848-இல் மாலுமிகளுக்காக அவர் எழுதிய கையேட்டில், கடல் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கக் கொம்பினால் செய்த ஒளி ஊடுருவும் தகடுகளும் இருந்தன. புயல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று காப்டன் அதை வைத்துக் கணிக்கலாம். (கானிங்கில் துறைமுகம் கட்டாதீர்கள், புயல் கொண்டுபோய்விடும் என்று 1853-இல் அரசுக்கு எழுதியவரும் இவரே. கட்டினார்கள், 1867 புயலில் போயிற்று. சுந்தரவனம் பார்க்க லோக்கல் ரயிலில் கானிங் போகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.)

பிடிங்டன் காலத்து அடிப்படை இன்றும் மாறவில்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். அது போகும் திசையைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் கொடியது. அங்கே சுழலும் காற்றோடு புயல் நகரும் வேகமும் சேர்ந்துகொள்கிறது. இடப்பக்கம் சற்றே தாங்கக்கூடியது. இன்று அதோடு செயற்கைக்கோளும், புயலின் கண்ணுக்குள் பறந்துபோய் அளந்து வரும் விமானங்களும், மியாமியிலுள்ள தேசியச் சூறாவளி மையத்தின் அறிக்கையும் சேர்ந்திருக்கின்றன.

இங்கேதான் கப்பலுக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. வெப்ப மண்டலக் கடலில் புயல் நகரும் வேகம் பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர். சைக்கிள்காரனின் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுழலும் காற்று 250 கிலோமீட்டராக இருக்கலாம், ஆனால் புயல் இடம்பெயர்வது அவ்வளவு மெதுவாகத்தான். பெரிய உல்லாசக் கப்பல் 20 நாட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும். மூன்று நாள் முன்னறிவிப்பு இருந்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விலகிவிட முடியும். மாலுமிகளுக்கு '1-2-3' என்று ஒரு விதி உண்டு. புயலில் 34 நாட் காற்று வீசும் வட்டத்தை முதலில் வரைந்துகொள்ள வேண்டும். முன்னறிவிப்பு பிசகலாம் என்பதால் 24 மணி நேரக் கணிப்புக்கு 100 கடல் மைல், 48 மணிக்கு 200, 72 மணிக்கு 300 என்று அந்த வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, அதற்குள் நுழையாமல் இருக்கவேண்டும். பெரிய கப்பல் நிறுவனங்கள் கரையிலும் வானிலை வல்லுநர்களை வைத்திருக்கின்றன. கோடிக்கணக்கான டாலர் கப்பலையும் ஐயாயிரம் பயணிகளையும் புயலுக்குள் கொண்டுபோக எந்த நிறுவனத்துக்கும் ஆசை கிடையாது. இன்சூரன்ஸ்காரனாக இதை உறுதியாகச் சொல்வேன்.

அப்படியானால் கப்பல்கள் புயலில் அழிவதே இல்லையா என்று கேட்டால், அழிந்திருக்கின்றன. இரண்டைச் சொல்கிறேன். 'ஃபான்டோம்' என்பது 1927-இல் கட்டப்பட்ட நான்கு பாய்மரக் கப்பல். அதில் விடுமுறைப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கரீபியனில் சுற்றினார்கள். 1998 அக்டோபரில் 'மிட்ச்' புயல் நெருங்கியபோது காப்டன் பெலீஸ் நகரில் பயணிகளையும் மாலுமிகளில் சிலரையும் இறக்கிவிட்டார். மீதி 31 பேரோடு கப்பலைக் காப்பாற்றக் கடலுக்குப் போய், ஹோண்டுராஸ் நாட்டின் ரோவாட்டான் தீவுக்குத் தெற்கே ஒதுங்கப் பார்த்தார். முன்னறிவிப்புக்கு மாறாகப் புயல் தெற்கே திரும்பியது. பிறகு சில மிதவைகளும் உயிர்காப்பு உடைகளும் மரத் துண்டுகளும்தான் கிடைத்தன. 31 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இரண்டாவது 'எல் ஃபாரோ' என்ற சரக்குக் கப்பல். 2015 அக்டோபர் 1-ஆம் தேதி பஹாமாஸ் அருகே 'ஹோக்கின்' புயலில் 33 பேரோடு மூழ்கியது. காப்டன் நம்பிய வானிலைப் படம் பல மணி நேரம் பழையது என்பது விசாரணையில் தெரிந்தது. ஒன்று வேகமில்லாத கப்பல், மற்றொன்று பழைய தகவலோடு போன கப்பல். வேகமும் புதிய தகவலும் கையில் இருக்கும்வரை கடல்தான் கப்பலுக்குப் பத்திரமான இடம். அதனால்தான் புயல் வரும்போது துறைமுகத்தில் கட்டிப்போட்டிருக்கும் கப்பல்களையும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடவில்லை. என் மருமகள் கடலூர்ப் பெண். 2011 டிசம்பர் 30 விடிகாலை 'தானே' புயல் அடித்தபோது வீட்டுக்குள் இருந்தவள். முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவள். "மாமா, நீங்க பேப்பர்ல பார்த்த புயலை நான் ஓட்டுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்திருக்கேன்" என்றாள். அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என் அக்காவுக்கு 74 வயது, தினம் இரண்டு வேளை இன்சுலின். "கப்பல் ஓடிடும்கறான், ஓடட்டும். என் ஊசி மருந்து ஓடாம இருந்தா சரி" என்று அவள் சொன்னதுதான் எங்கள் ஏற்பாடு முழுவதற்கும் அடிப்படையாயிற்று. மருமகள் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள்: புறப்படும் நாளில் துறைமுகம் இருக்கும் ஊருக்கே எச்சரிக்கை இருந்தால் பணம் போனாலும் ஏறுவதில்லை.

செப்டம்பர் 9 அன்று ஃபுளோரிடாவிலுள்ள ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்திலிருந்து கிளம்பவேண்டும். சான் ஹுவான், செயின்ட் தாமஸ், பஹாமாஸ் என்பது திட்டம். செப்டம்பர் 5-இல் ஒரு புயலுக்கு 'லீ' என்று பெயர் வைத்தார்கள். 7-ஆம் தேதி ஒரே நாளில் அது முதல் படியிலிருந்து ஐந்தாம் படிக்கு ஏறியது. கடல் அளவுக்கு மீறிச் சூடாயிருந்தால் இப்படி நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் இது அடிக்கடி காணப்படுவதாக வல்லுநர்கள் கவலைப்படுகிறார்கள். 2024-இல் 'பெரில்' ஜூலை தொடக்கத்திலேயே ஐந்தாம் படியை எட்டியது. அட்லாண்டிக் பதிவேட்டில் அதற்கு முன் எந்தப் புயலும் அவ்வளவு சீக்கிரத்தில் எட்டியதில்லை. ஆகவே ஜூன், ஜூலையில் போனால் கவலையே இல்லை என்ற பழைய பேச்சை இப்போது முழுதாக நம்ப முடியாது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை கப்பல் நிறுவனத்திடமிருந்து தகவல் வந்தது. கிழக்குத் தீவுகளுக்குப் பதிலாக மேற்கே போகிறோம். மெக்சிகோவின் கொஸுமெல், கோஸ்டா மாயா. லீ எங்களுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் வடக்கே திரும்பி, ஒரு வாரம் கழித்துக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கரையேறியது. எங்கள் கப்பலில் மழைகூட ஒரு நாள்தான். என் மனைவிக்கு மட்டும் பெரிய மனத்தாங்கல். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கடலோரத்தில் கட்டத் தொடங்கிய சான் ஹுவான் கோட்டையைப் பற்றி நூலகத்திலிருந்து புத்தகமெல்லாம் எடுத்துப் படித்திருந்தாள். பணம் திரும்புமா என்று கேட்டாள். இறங்காத துறைமுகங்களின் வரியும், அங்கே கப்பல் மூலம் பதிவு செய்திருந்த சுற்றுலாவின் கட்டணமும் திரும்பின, வேறொன்றும் இல்லை. பாதுகாப்புக்காகப் பாதையை மாற்றவும், துறைமுகத்தைத் தவிர்க்கவும் நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு என்பது பயணச் சீட்டின் ஒப்பந்தத்திலேயே இருக்கும். புயல் மாதத்தில் டிக்கெட் வாங்குகிறவர் ஒரு வாரக் கடல் வாசத்தையும் சாப்பாட்டையும் வாங்குகிறார். ஊர்கள் கிடைத்தால் லாபம். குறிப்பிட்ட ஒரு தீவைப் பார்த்தே தீரவேண்டும் என்றால் விமானத்தில், மாசி பங்குனியில் போங்கள்.

பாதை மாறினால் விசா விஷயமும் மாறும். இதைப் பலர் யோசிப்பதில்லை. சான் ஹுவானும் செயின்ட் தாமஸும் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டவை; கொஸுமெல் வேறு நாடு. எங்களிடம் செல்லத்தக்க அமெரிக்க விசா இருந்ததால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவைப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு தீவு நாட்டுக்கும் விதி வேறு. திட்டத்திலுள்ள ஊர்களுக்கு மட்டுமின்றி, மாற்றாகப் போகக்கூடிய ஊர்களுக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று புறப்படும் முன் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கர்கள் சிலர் பிறப்புச் சான்றிதழோடு ஏறுவதைப் பார்த்து நமக்கும் அப்படித்தான் என்று நினைக்கவேண்டாம்; பாஸ்போர்ட்டும், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவும் இல்லாமல் நாம் ஏறக்கூடாது. விசா முத்திரை காலாவதியாகி, உள்ளே தங்கும் அனுமதியை மட்டும் நம்பி வேலை பார்க்கும் பிள்ளைகள் இந்தப் பருவத்தில் கப்பல் ஏறாமலிருப்பது உத்தமம். மெக்சிகோ, கனடா சென்று திரும்ப அவர்களுக்கு உள்ள சலுகை, தீவுகளுக்குப் போனால் பெரும்பாலோருக்குப் பொருந்தாது. புயல் உங்களைத் தீவுப் பக்கம் தள்ளிவிட்டால் திரும்பி நுழைவது வழக்கறிஞர் விஷயமாகிவிடும். அதேபோல் நம் ஆறு மாத அனுமதி முடியப்போகிற கடைசி வாரத்திலும் இந்தப் பயணம் வேண்டாம். கப்பல் பயணத்தால் அந்தக் கெடு புதுப்பிக்கப்படும் என்று எண்ணவும் வேண்டாம். பழைய தேதியே தொடரலாம்.

தேதி தவறும் விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் கிளம்பிவிடும், திரும்பி வரத் துறைமுகம் திறந்திருக்கவேண்டுமே! அமெரிக்கக் கடலோரக் காவல்படை, பலத்த காற்று வர 72, 48, 24, 12 மணி நேரம் இருக்கும்போது படிப்படியாகக் கட்டுப்பாடுகளை இறுக்கி, கடைசிப் படியில் துறைமுகத்தை மூடிவிடும். 2017 ஆகஸ்டில் 'ஹார்வி' புயல் டெக்சாஸைத் தாக்கியபோது கால்வெஸ்டன் துறைமுகம் பல நாள் மூடிக் கிடந்தது. அங்கே திரும்பவேண்டிய கப்பல்கள் கடலிலேயே காத்திருந்தன. சில கப்பல்கள் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய் உணவும் எரிபொருளும் ஏற்றிக்கொண்டன. ஏழு நாள் என்று போனவர்கள் பத்து, பன்னிரண்டு நாள் கப்பலில் இருக்க நேர்ந்தது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, கப்பல் நின்ற இடத்தில் விருந்து. ஆனால் மருந்து?

அக்காவுக்கு ஏழு நாள் பயணத்துக்கு இருபத்தோரு நாள் இன்சுலின் எடுத்துக்கொண்டோம். பாதி அவள் கைப்பையில், பாதி என் பையில். பெரிய பெட்டியில் ஒன்றும் போடவில்லை, ஏனென்றால் ஏறும் அன்று பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு மாலையில்தான் அறைக்கு அனுப்புகிறார்கள். அறையில் சிறிய குளிர்ப்பெட்டி இருந்தது. அதில் மருந்துக்கு ஏற்ற குளிர் இருக்குமா என்று கேட்டபோது, கப்பலின் மருத்துவ அறையில் வைத்துத் தர ஏற்பாடு செய்தார்கள். இந்திய டாக்டர் எழுதிய சீட்டுக்கு அமெரிக்க மருந்துக் கடைகளில் பொதுவாக மருந்து தரமாட்டார்கள். கல்கத்தாவிலிருந்து கிளம்பும்போதே கணக்குப் போட்டு எடுத்துப்போவது அவசியம். மருந்துகளின் வணிகப் பெயர் அங்கே வேறாக இருக்கும். மூலப்பெயரை டாக்டரிடம் தட்டச்சு செய்து வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும் விமானத்தைப் பொறுத்தவரை, கப்பல் கரை சேரும் நாளிலேயே இந்தியாவுக்குப் பறப்பதாகப் பதிவு செய்வது சூதாட்டம். நாங்கள் பதினோரு நாள் இடைவெளி விட்டிருந்தோம். போகும்போதும் ஒரு நாள் முன்னதாகவே துறைமுக ஊருக்குப் போய்விட்டோம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

இப்போது என் பழைய தொழில். பயண இன்சூரன்ஸில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எவ்வளவு பிரீமியம்?" கேட்கவேண்டியது, "எந்தத் தேதியில் வாங்கினேன்?" தெரிந்துவிட்ட ஆபத்துக்குக் காப்பு கிடையாது என்பது இன்சூரன்ஸின் பாலபாடம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று அலிப்பூர் வானிலை அலுவலகம் சொன்ன மறுநாள் எங்கள் மேசைக்கு வரும் புதிய விண்ணப்பங்களை நாங்கள் எந்தக் கண்ணோடு பார்ப்போமோ, அதே கண்ணோடுதான் அமெரிக்க நிறுவனங்களும் பார்க்கின்றன. ஒரு புயலுக்குப் பெயர் வைக்கப்பட்ட பிறகு வாங்கிய பாலிசியில் அந்தப் புயலால் வரும் நஷ்டத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. எங்கள் பாலிசி ஜூலையில் வாங்கியது; லீ பெயர் பெற்றது செப்டம்பர் 5. டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டிய அன்றே பாலிசியும் வாங்கிவிடுவது நல்லது.

இன்னொன்று. "புயல் பயமாக இருக்கிறது, வரவில்லை" என்று நாமே ரத்து செய்தால் சாதாரணப் பாலிசி பணம் தராது. கப்பல் கிளம்பாவிட்டால், விமானம் நின்றால், வீடு சேதமானால் என்று காரணங்கள் பட்டியலாக இருக்கும். பயம் அந்தப் பட்டியலில் இல்லை. எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்ற கூடுதல் காப்பு தனியாக விற்கிறார்கள். அதற்கு விலை அதிகம், முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்கவேண்டும், திரும்புவதும் முழுத் தொகை அல்ல; முக்கால் பங்கு வரைதான். மருமகளின் நிபந்தனைக்காக நாங்கள் அதை வாங்கினோம். பயன்படவில்லை, வருத்தமும் இல்லை.

இந்தியாவிலிருந்து வாங்கிப் போகும் வெளிநாட்டுப் பயணப் பாலிசியில் மருத்துவச் செலவுதான் பிரதானம். அது கப்பலுக்குள் நடக்கும் வைத்தியத்துக்கும், நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கவேண்டி வந்தால் அந்தச் செலவுக்கும் பொருந்துமா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்தை எப்படி நடத்துகிறது என்று வாக்கியம் வாக்கியமாகப் படியுங்கள். ஏஜெண்ட் வாயால் சொன்னதை நம்பிவிட்டு இழப்பீடு கேட்டு வந்தவர்களை என் வேலைக் காலத்தில் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன்.

கடல் மயக்கம் பற்றி இரண்டு வரி போதும். புயல் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் அதன் அலைகள் வந்து சேரும். கீழ்த்தளத்தில், கப்பலின் நீளத்துக்கு நடுவிலுள்ள அறையில் ஆட்டம் குறைவு. பால்கனி ஆசையில் மேல்தளத்து முனை அறையை எடுத்தால் ஊஞ்சல்தான். கிராண்ட் கேமன் போன்ற இடங்களில் கப்பல் தள்ளி நங்கூரமிட்டு, சிறு படகில் ஏற்றி இறக்குவார்கள். அலை பெரிதானால் அது ரத்தாகும், முட்டி வலிக்காரர்களுக்கு அது நல்லதுக்கே. சைவச் சாப்பாடு முன்கூட்டியே சொன்னால் கிடைக்கிறது. புரட்டாசி விரதக்காரர்களும் சமாளிக்கலாம். ஊறுகாய் கைவசம் இருக்கட்டும்.

எங்கள் மேசைக்குப் பரிமாறிய இளைஞர் டொமினிக்கா தீவைச் சேர்ந்தவர். 2017 செப்டம்பர் 18 இரவு 'மரியா' புயல் ஐந்தாம் படியில் அந்தச் சிறிய தீவின் மேல் ஏறிப் போனது. அன்று அவர் வேறொரு கப்பலில், வெயில் அடிக்கும் கடலில், இதேபோல் பரிமாறிக்கொண்டிருந்தாராம். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று தெரிய எட்டு நாள் ஆயிற்று. வீட்டுக்குக் கூரை இல்லை என்று தெரிந்தது அதற்கும் பிறகு. மருமகள் அவரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். 2020 மே 20 அன்று 'ஆம்பன்' கல்கத்தா வழியாகப் போனபோது மின்சாரமும் போனும் இல்லாமல் நாங்கள் இங்கே இருட்டில் உட்கார்ந்திருக்க, அவளும் என் மகனும் நியூ ஜெர்சியில் போனை வைத்துக்கொண்டு விழித்திருந்தார்கள். அதைத்தான் அவரிடம் சொன்னாளாம்.

கப்பல் விலகிப்போகும் தீவுகளால் விலகிப்போக முடிவதில்லை. 2019 செப்டம்பர் 1 அன்று 'டோரியன்' மணிக்கு 295 கிலோமீட்டர் காற்றோடு பஹாமாஸின் அபாகோ தீவில் ஏறி, பிறகு கிராண்ட் பஹாமா மேல் ஒரு நாளுக்கும் அதிகமாக நகராமல் நின்றது. அப்போது ஓர் உல்லாசக் கப்பல் நிவாரணப் பொருள்களோடு அங்கே போய், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஃபுளோரிடாவுக்கு ஏற்றி வந்தது. 2017-இல் இர்மா, மரியா புயல்களுக்குப் பிறகும் பயணங்களை ரத்து செய்துவிட்டுக் கப்பல்கள் தீவு மக்களை ஏற்றப் போயின. உங்கள் விடுமுறை இப்படி ஒரு காரணத்துக்காக ரத்தானால் முழுப் பணமும் திரும்பும். 2025 அக்டோபர் 28-இல் 'மெலிசா' ஜமைக்காவை அதே 295 கிலோமீட்டர் காற்றோடு தாக்கியது. இப்படி அடிபட்ட தீவுகள் துறைமுகத்தைத் திறந்து கப்பல்களை வரவேற்கும்போது, அங்கே போய் நாலு பொருள் வாங்குவதும் அவர்களுக்கு உதவிதான்.

புயல் மாதங்களில்தான் போகமுடியும், ஆனால் ஆபத்து குறைவான பாதை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. வெனிசுவேலாக் கரைக்கு அருகிலுள்ள அருபா, பொனேர், குராசாவ் தீவுகள் புயல்களின் வழக்கமான பாதைக்குத் தெற்கே இருப்பதால் அரிதாகவே நேரடியாக அடிபடுகின்றன. நியூயார்க்கிலிருந்து பெர்முடா, கனடா போகும் கப்பல்களைப் பத்திரமான மாற்று என்று எண்ணவேண்டாம். வடக்கே திரும்பிய புயல்கள் சைக்கிளிலிருந்து இறங்கி மோட்டார் காரில் ஏறிக்கொள்கின்றன. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேலும் நகரும். கப்பலுக்கு விலக நேரம் குறைவு. புயல் தொல்லையே வேண்டாம் என்றால் அலாஸ்கா. அங்கே மே முதல் செப்டம்பர் வரை கப்பல் உண்டு, செலவு கூடுதல்.

தினமும் மருத்துவமனைக்கு அருகில் இருக்கவேண்டிய நோயாளி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, கல்யாணத்துக்கோ சிராத்தத்துக்கோ குறித்த தேதியில் கல்கத்தா திரும்பியாகவேண்டியவர் ஆகியோர் இந்த மாதங்களில் போகவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளைகள் கப்பலில் இருக்க, நீங்கள் இங்கே கவலையோடு இருப்பவரானால், தொலைக்காட்சிச் சத்தத்தை விட்டுவிட்டு மியாமி மையத்தின் அறிக்கையை நேரே பாருங்கள். புயல் உள்ளபோது ஆறு மணிக்கு ஒருமுறை வரும். நம் நேரப்படி காலை 8.30, பிற்பகல் 2.30, இரவு 8.30, பின்னிரவு 2.30. படத்தில் வெள்ளையாக விரியும் கூம்பு புயலின் அளவைக் காட்டுவதில்லை. அதன் மையம் போகக்கூடிய பாதையை மட்டும் காட்டுகிறது. அதுவும் மூன்றில் இரண்டு முறைதான் மையம் கூம்புக்குள் இருக்கும். மையம் எங்கே போனாலும், காற்றும் மழையும் கூம்புக்கு வெளியே வெகுதூரம் பரவும். பின்னிரவு அறிக்கைக்காகக் கண்விழிக்க வேண்டியதில்லை. காலை காபியோடு 8.30 அறிக்கையைப் பார்த்தால் போதும்.